ஓசூருக்குப் போகாத என் மகனுக்கு

சரவணா,

இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஒரு வரியை வீணாக்க மாட்டேன். காலையில்தான் போனில் "சாப்ட்டியாடா" என்று நான் கேட்டு, "சாப்ட்டேம்மா" என்று நீ சொல்லி, அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வாய் வராமல் வைத்துவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நமக்குள் இப்படித்தான் ஓடுகிறது. ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓயாமல் பேசுகிற எனக்குப் பெற்ற பிள்ளையோடு பேச வரவில்லை என்றால் எழுதத்தான் வேண்டும். பத்தாவது வரை படித்தவள் எழுதுவது, எழுத்துப் பிழை இருக்கும், கண்டுகொள்ளாதே. பிழை கண்டுபிடிப்பது என் வேலை, உன் வேலை இல்லை. இன்னொன்று, நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் புத்தி எனக்குத் தெரியும். நீ கட்டிக்கப் போகிற கௌசி உன்னிடம் ஏதாவது உளறியிருந்தால் தெரியாத மாதிரி முதலிலிருந்து படி.

இது உனக்கு மட்டும் எழுதுவதும் இல்லை. ஆலங்காயத்துப் பக்கம் நீ எட்டு மாதம் இருந்தாயே, அந்த இல்லத்து ஜெயந்தி மேடம் ரெண்டு வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளையை முதல் நாள் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மா அந்த வரவேற்பு அறையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம், அவர்கள் படிப்பதற்கு எங்களைப் போன்ற பழைய ஆட்கள் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். கை வலி, கண் மங்கல், கம்பெனியில் ஆடிட் என்று ஆயிரம் சாக்கு சொல்லித் தட்டிக் கழித்தேன். இப்போது எழுதுகிறேன். நீ படித்துவிட்டு, கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றினால் கொடு. வேண்டாம் என்று தோன்றினால் உன்னிடமே இருக்கட்டும். அது உன் எட்டு மாதம், முடிவும் உன்னுடையதுதான்.

போன ஞாயிறு நீ ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்தாய். பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்துவிட்டுக் கை கழுவின ஈரத்தோடு வந்து நின்று, "கௌசிகிட்ட எல்லாம் சொல்ட்டேம்மா. அவங்க அப்பா அம்மாகிட்ட நீ சொல்லணும், நிச்சயத்துக்கு முன்னாடி" என்றாய். "பன்னெண்டு வருஷம் ஆச்சேடா, அத்த எதுக்குடா இப்போ கிளர்ற? இந்தச் சம்பந்தம் நின்னு போனா இன்னா பண்ணுவ?" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. "நின்னா நிக்கட்டும். நான் போய் ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவேன். ஆனா நீ சொல்லணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். ஏன் நான்தான் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அம்மாவும் பிள்ளையும் அந்த ஒரு விஷயத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி நடந்து வந்திருக்கிறோம்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் வேலை உனக்குத் தெரியும், இதைப் படிக்கப் போகிறவர்களுக்குத் தெரியாது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கர். ஷூவின் மேல்பாகம் தைத்து முடிந்து என் மேஜைக்கு வரும். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், பசை ஒரு பொட்டு வழிந்திருந்தாலும், இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தாலும் என் கண்ணில் தப்பாது. அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். ஒரு நாளைக்கு எத்தனை நூறு ஒட்டுவேன் என்று எனக்கே தெரியாது. நல்லதாக இருக்கிற எதையும் நான் பார்ப்பதே இல்லை. அது தானாகக் கையைத் தாண்டிப் போய்விடும்.

அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று தவறுதலாக என் கம்பெனிக் கோட்டுப் பையில் வீட்டுக்கு வந்தது. உனக்கு அப்போது எட்டு வயசு. நீ பாதி தின்று வைத்த இட்லித் தட்டில் விளையாட்டுக்கு ஒரு அம்பு ஒட்டினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மறுநாள் கட்டிலில் போட்ட ஈரத் துண்டின்மேல் ஒன்று. கணக்கு நோட்டில் தப்பாகப் போட்ட வகுத்தலுக்கு ஒன்று. உன் அப்பாவின் சட்டைக் காலரில்கூட ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பு உனக்கு எந்த வயசில் நின்றது என்று நான் கவனிக்கவே இல்லை. எனக்கு ஒட்டுகிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. ரேங்க் கார்டில் ஒட்டினேன். உன் தலைமுடியைச் சொன்னேன், நடையைச் சொன்னேன், தோஸ்துகளைச் சொன்னேன், சோறு பிசைகிற விதத்தைச் சொன்னேன். ஸ்டிக்கர் தீர்ந்துபோன நாளில் வாயாலேயே ஒட்டினேன்.

உனக்குப் பதின்மூன்று வயசு இருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் குளியலறைக் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர். நடுவில் ஒரு முகம் தெரிகிற அளவுக்கு இடம் விட்டு, சுற்றி ஐம்பது அறுபது அம்புகள், எல்லாம் உள்நோக்கிக் காட்டிக்கொண்டு. அதன் முன் நின்றால் எந்த முகம் தெரியும் என்று ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. "கம்பெனி சாமான்டா இது, இப்டி வேஸ்ட் பண்ணி வெச்சிருக்கியே" என்று உன்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டச் சொன்னேன். நீயும் கடைசி அம்பு வரை நகத்தால் சுரண்டினாய். அன்றைக்கு நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்க்கத் தவறிய பெரிய பழுது அதுதான், அதுவும் உன்னுடையது இல்லை.

ஒன்பதாவதில் எல்லாம் ஒன்றாக வெடித்தது. ஸ்கூலுக்குப் போகிறேன் என்று கிளம்பி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பாய். டீச்சரை எதிர்த்துப் பேசினாய், ஒருத்தன் மண்டையை உடைத்தாய். வீட்டில் டிவி போனது, பீரோ கண்ணாடி போனது. உன் அப்பா கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வந்து, பெல்ட்டைக் கழற்றினார். அடிக்க அடிக்க நீ கல்லாகிக்கொண்டே போனாய். பிறகு ஒரு நாள் நீ குக்கர் மூடியை வீசினாய். என்மேல் வீச வேண்டும் என்று வீசவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டது என் நெற்றியில்தான். நான்கு தையல். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். கம்பெனியிலும் அதையே சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்த பொய்க்கு எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

வேலூரில் ஒரு டாக்டர் உன்னோடு ஒரு மணி நேரம், எங்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் உன் வயசுப் பையன்களுக்கென்றே ஒரு இல்லம் இருக்கிறது, அங்கே தங்கி வைத்தியம் பார்த்தால் நல்லது என்றார். எனக்குக் காதில் விழுந்தது 'தங்கி' என்பது மட்டும்தான். ஜெயிலா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கால் உடைஞ்சா கட்டு போட்டுப் படுக்க வெக்கறோம் இல்லையா, அது மாதிரி நெனச்சிக்கங்கம்மா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முடிவு பண்ணிவிட்டேன். யார் கேட்டாலும் நீ ஓசூரில் என் அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்கிறாய். கம்பெனியில் சொன்னேன், தெருவில் சொன்னேன், என் அண்ணனிடமே சொல்லி வைத்தேன். அவன் அங்கே உனக்கு ஸ்கூல் பெயர்கூட யோசித்து வைத்தான். நீ ஓசூரைக் கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது.

அந்த இல்லத்தில் ஒரு சட்டம். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக முடியாது. முதல் பத்து நாள் அப்பாவோ அம்மாவோ கூடவே தங்க வேண்டும், பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வர வேண்டும். வைத்தியம் பிள்ளைக்குத்தானே, எனக்கு எதற்கு என்று நான் முறைத்துக்கொண்டேன். மொத்தம் பதினாலு பையன்கள். காலையில் ஓட்டம், தோட்டத்துக்குத் தண்ணீர், பாடம், ஒவ்வொருத்தனும் தனியாக ஒரு மணி நேரம் பேச்சு, பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. புதன்கிழமை டாக்டர் வருவார், மாத்திரையைப் பார்ப்பார். கோபம் வருவதற்கு முன்னால் உடம்பில் எங்கே தெரிகிறது என்று ஜெயந்தி மேடம் கேட்டபோது நீ பத்து நாள் பதிலே சொல்லவில்லை. பதினோராம் நாள் "காது சூடாவுது மேடம்" என்றாயாம். காது சூடானதும் அந்த இடத்தை விட்டு எழுந்து கிணற்றைச் சுற்றி நடந்துவிட்டு வரலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்று உனக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை சுற்றியிருக்கிறாய். நான் உனக்கு ஒரு நாளும் எழுந்து போக விட்டதில்லை. "பேசினு இருக்கும்போது எங்கடா போற" என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி வைத்துப் பேசியிருக்கிறேன்.

எனக்கும் ஒரு வைத்தியம் கொடுத்தார் ஜெயந்தி மேடம். சனிக்கிழமை மத்தியானச் சமையலைப் பிள்ளைகளும் பெற்றவர்களும் சேர்ந்து செய்ய வேண்டும். "ஒரு மணி நேரம் அவன் செய்யறதுல எந்தத் தப்பும் சொல்லக் கூடாதும்மா. பாராட்டவும் வேணாம். சும்மா கூட இருங்க, போதும்." இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன். நீ வெங்காயம் நறுக்கினாய், ஒன்று கட்டை விரல் தடிமன், ஒன்று காகிதம். நாலாவது நிமிஷம் "கத்தியத் தள்ளிப் பிடிடா" என்றேன். பையன்கள் எல்லோரும் "ஆன்ட்டி அவுட்!" என்று கூவினார்கள். அடுத்த வாரம் ஏழு நிமிஷம். அதற்கடுத்த வாரம் பதினொன்று. வாணியம்பாடிப் பையன் ஒருத்தன் சுவரில் என் ஸ்கோர் எழுதவே ஆரம்பித்துவிட்டான். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி படுத்தால், பெற்ற பிள்ளையின் பக்கத்தில் பதினொரு நிமிஷம் குறை சொல்லாமல் இருக்க முடியாதவள் எப்படிப்பட்டவள் என்று விடிய விடியப் புரண்டுகொண்டிருப்பேன்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர் சொல்ல மாட்டார். பெற்றவர்கள் வட்டத்தில் உட்கார்ந்தால் மனிதர் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஜெயந்தி மேடம், "உங்க பையனப் பத்தி உங்களுக்கு இன்னா பயம் சார்?" என்று கேட்டார். தலை நிமிராமலே, "என்ன மாதிரியே ஆயிடுவான்னு" என்றார். சின்ன வயசில் அவரும் கையில் கிடைத்ததை வீசியவர்தானாம், அவரை யாரும் எங்கேயும் கூட்டிப் போகவில்லையாம், அடித்தார்களாம், அவ்வளவுதானாம். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அவர் இடுப்பில் பெல்ட் கட்டி நீ பார்த்திருக்கிறாயா? யோசித்துப் பார். அவர் மன்னிப்புக் கேட்ட விதம் அது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இத்தனை பக்கம் எழுதியதே இதைத் தள்ளிப் போடத்தான்.

மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாயந்திரம் ஷிஃப்ட் விட்டுக் கம்பெனி கேட்டிலிருந்து நாங்கள் கூட்டமாக வெளியே வருகிறோம். பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. சுண்டல் வண்டிக்குப் பக்கத்தில் நீ நிற்கிறாய். இல்லத்திலிருந்து சொல்லாமல் கிளம்பி, வாணியம்பாடி வரை நடந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறாய். காலெல்லாம் புழுதி, ஒரு செருப்பு வார் அறுந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மூன்று வருஷமாக நான் பார்க்காத முகம். என் பக்கத்தில் பர்வீன் இருந்தாள், என் லைனில் இருபது வருஷமாக என்னோடு வேலை செய்கிறவள், பின்னால் லைன் பெண்கள் எல்லோரும். பர்வீன்தான், "அந்தப் பையன் உன்னியே பாக்குதே, யாருடி அது? உன் ஜாடையா இருக்கு" என்றாள். நான், "என் பையன் ஓசூர்ல கீறான்டி. இது யாரோ, எனக்குத் தெரியாது" என்றேன்.

நீ நாலு அடி தூரத்தில் இருந்தாய். உனக்குக் கேட்டது. உன் முகத்தை நான் பார்த்தேன், கேட்டது எனக்குத் தெரியும். கத்துவாய், வண்டியைத் தள்ளிவிடுவாய் என்று பயந்தேன். நீ இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாய், பிறகு திரும்பி ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தாய். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்து பார்த்தால் நீ இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு இல்லத்திலிருந்து போன் வந்தது. "பயப்படாதீங்கம்மா, அவனாவே வந்துட்டான். சாப்ட்டுனு இருக்கான்." எங்கே போயிருந்தாய் என்று நீ சொல்லவில்லையாம். அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. என் மானத்தைப் பதினைந்து வயசுப் பிள்ளை நீ காப்பாற்றினாய், உன்னை நான் காப்பாற்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் வந்தேன். நீ வெங்காயம் நறுக்கினாய். எனக்கு வாயைத் திறக்கவே தைரியம் இல்லை. ஒரு மணி நேரம் முழுசாகப் போனது. பையன்கள் "ஆன்ட்டி ஜெயிச்சிட்டாங்க" என்று கை தட்டினார்கள், ஸ்கோர் எழுதுகிறவன் சுவரில் பெரிதாக அறுபது என்று எழுதினான். நீ மட்டும் தட்டவில்லை. நான் எதனால் ஜெயித்தேன் என்று அந்த அறையில் உனக்கு மட்டும்தான் தெரியும். ரொம்ப நாள் கழித்து ஜெயந்தி மேடம், நடந்தது எதுவும் தெரியாமல், என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "அன்னிக்கு அவனாவே திரும்பி வந்தான் பாருங்க, அதுலேர்ந்துதான் அவன் மாறினான். ஏன்டா வந்தேன்னு கேட்டா, திரும்பி வர எனக்கு ஒரு இடம் இருக்கு மேடம்னு சொன்னான்." நான் தலையாட்டினேன். திரும்பி வர உனக்கு ஒரு இடம் இருந்தது, அது நான் இல்லை. அந்த இடத்துக்குக் கோடி நன்றி. அதைச் சொல்லாமல் இந்த ஜென்மத்தில் நான் எதையும் சொல்லி முடித்ததாக ஆகாது.

சரவணா, அன்றைக்கு உன்னைத் தெரியாது என்று சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடு. பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன், அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

எட்டு மாதம் முடிந்து நீ வீட்டுக்கு வந்தபோது எல்லாம் சரியாகி வந்தாய் என்று புதிதாக வருகிற பெற்றவர்களிடம் நான் கதை விட மாட்டேன். முதல் மாதமே இரண்டு தட்டு உடைந்தது. ஆனால் உடைத்த கையோடு நீ எழுந்து போய்த் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து, துடைப்பத்தை எடுத்தாய். நானும் என் வாயைக் கட்டப் பழகினேன், சில நாள் முடிந்தது, சில நாள் முடியவில்லை. மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பத்தொன்பதாம் வயசில் நிறுத்தினார். நீ ஐடிஐ முடித்தாய், மெக்கானிக் ஆனாய், இன்று ஒரு கம்பெனியின் அத்தனை தையல் மெஷினும் உன் கையை நம்பி ஓடுகிறது. உனக்குக் கல்யாண புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை கம்மிதான், இருந்தாலும் அம்மா என்கிற பாத்தியதையில் சொல்கிறேன். காது சூடானால் கௌசியிடம் "சூடாவுது" என்று சொல்லிவிட்டு வெளியே போ, சொல்லாமல் போகாதே. அவள் எழுந்து போனால் கையைப் பிடித்து இழுக்காதே. என்றைக்காவது பழைய மாதிரி மனசு கனத்தால் டாக்டரிடம் போக வெட்கப்படாதே, பஸ் சார்ஜை நான் தருகிறேன். பிள்ளை பிறந்தால் அது செய்கிற நல்லதைக் கை தாண்டிப் போக விடாதே, நிறுத்திப் பார்.

சரி, இனி இந்த வாரக் கதை. திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் முதலில் பர்வீனிடம் சொன்னேன், ஒத்திகை மாதிரி. ஓசூர் இல்லைடி, இந்த இடம்டி, கேட்டில் நின்றது அவன்தான்டி என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அழுதேன். அவள் சாப்பிடுவதைக்கூட நிறுத்தவில்லை. "தெரியும்டி. உன் மூக்க அவன் மூஞ்சில வெச்சினு நிக்கறான், எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவ, நீயா சொல்லுவன்னு பன்னெண்டு வருஷமா பாத்துப் பாத்து எனக்கே பேஜாராயிடுச்சி" என்றாள். பிறகு தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து என் சோற்றில் வைத்தாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் குடியாத்தம் போனேன். கௌசி வீட்டின் பின்கட்டில் லுங்கித் தறி நான்கு ஓடுகிறதே, அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். அவள் அப்பா தறிக்கு நடுவில் நின்றுகொண்டு, "வாங்கம்மா, இன்னா திடீர்னு?" என்கிறார். உட்கார்ந்து காபி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றால் அதற்குள் என் தைரியம் வடிந்துவிடும். அங்கேயே சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கத்திச் சொன்னேன். என்னமோ விஷயம் என்று புரிந்து அவர் போய் ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். நான்காவது தறி நின்றதும் ஊரே நின்ற மாதிரி ஒரு அமைதி. அந்த அமைதியில், வேலைக்கு நின்ற இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கௌசியின் அம்மா வாசற்படியில் நிற்க, எல்லாவற்றையும் சொன்னேன். ஒளித்து ஒளித்து வைத்ததைக் கடைசியில் கூட்டம் கூட்டிச் சொன்னேன், போ.

அவர் நல்ல மனுஷர், ஆனால் முகம் கறுத்துத்தான் போனது. "இப்போ கோவம் வருமா?" என்றார். "வரும். எனக்கு வர்ற அளவுக்கு வராது" என்றேன். "கை நீட்டுவாரா?" என்றார். நெற்றிப் பொட்டுக்கு மேல் முடியை விலக்கித் தழும்பைக் காட்டினேன். "இது பதினஞ்சு வயசுல. அதுக்கப்புறம் யார் மேலயும் ஒரு விரல் பட்டதில்ல. நான்தான் அந்தப் பையனுக்கு ஜாஸ்தி கெடுதல் பண்ணிருக்கேன்." "மறைச்சிருந்தா எங்களுக்குத் தெரியவே தெரியாதே, ஏன் சொல்றீங்க?" என்று கௌசியின் அம்மா கேட்டார். "அவன் சொல்லச் சொன்னான். வெட்கப்பட்டதெல்லாம் நான், அவன் ஒரு நாளும் வெட்கப்படல" என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். காபி கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது உன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று அழுகை வந்தது, ஆனாலும் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர்களிடமிருந்து ஒரு போன் இல்லை. உன்னிடம் இன்று காலையில் நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாததற்கு அதுதான் காரணம்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. கௌசியின் அப்பா. "அம்மா, நானும் என் வீட்டுக்காரியும் ஆலங்காயத்துலேர்ந்து பேசறோம். இடத்தக் கண்ணால பாத்துடலாம்னு வந்தோம்" என்றார். பின்னால் பையன்களின் சத்தம், யாரோ பந்து உதைக்கிற சத்தம். அவர் சொல்கிறார்: "மாசம் ஒரு ஞாயித்துக்கிழம மாப்ள இங்க வந்துடுவாராமே. மோட்டார், மிஷினு எல்லாம் அவர்தான் பாக்கறாராமே. புதுசா வர்ற பசங்கள கெணத்தச் சுத்தி நடக்கக் கூட்டினு போவாராமே. நீங்க அன்னிக்கு அவ்ளோ சொன்னீங்க, இத்த ஏம்மா சொல்லல?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல! மாதம் ஒரு ஞாயிறு ஓவர்டைம் என்று எத்தனை வருஷமாக என் காதில் பூச் சுற்றுகிறாய்? உன் வாயில் அந்த இடத்தின் பெயர் வந்தாலே நான் பேச்சை மாற்றுவேன் என்று தெரிந்துதானே என்னிடம் சொல்லாமல் இருந்தாய். போனை வைத்துக்கொண்டு நான் விம்மியதைக் கேட்டு அந்த மனிதர் பயந்துபோனார். "அழாதீங்க சம்பந்தியம்மா" என்றார். சம்பந்தியம்மா என்றார், சரவணா. பிறகு குரலைச் செருமிக்கொண்டு, "இங்க மேடத்தையும், வீட்டுல சம்மதிச்சு அனுப்பற பசங்களையும் கல்யாணத்துக்குக் கூப்பிடணும். எத்தினி பேர்னு சொல்லுங்க, பந்திக்கு எல போடணும். அவங்க எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு எழுதறது, எங்க பக்கமா, உங்க பக்கமா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கம் என்று சொல்லிவிட்டேன். எத்தனை பேர் என்று நீ கேட்டுச் சொல். மண்டப வாசலில் நின்று அவர்களை நானே கூட்டிக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்கார வைக்கிறேன். கம்பெனி ஆட்கள் எல்லோரும் வந்திருப்பார்கள், பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா